புகையாகிப் போன கை

"செட்டிங்ஸ் எல்லாம் சும்மா, கண்ணுதான் முக்கியம்." போடியில் என் ஸ்டூடியோவுக்குக் கேமரா பழக வருகிறவர்களிடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண் ஒருத்தியைப் படம் எடுத்தேன். ராசிங்காபுரத்திலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறுகிறவள். செடியடியில் குந்தியிருந்த அவள் முகம் தெளிவாக விழுந்திருந்தது. கைகள் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தன. மதுரையில் ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தின் முன் பலர் நின்றார்கள். "உழைப்போட வேகத்தையே பிடிச்சிட்டீங்க" என்றார் ஒருவர். தலையாட்டிக்கொண்டேன். உண்மையில், முந்தின நாள் அருவித் தண்ணீர் பஞ்சுபோலக் கலைந்து விழுவதற்காக ஷட்டரை மெதுவாக வைத்திருந்தேன். மாற்ற மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் அவளுக்கு ஒரு பிரதி கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என் கை எங்கண்ணே?"

"வெரசா வேலை பாக்குறீகல்ல தங்கச்சி, அதான்."

"வெரசா யாரு வேணா பறிக்கலாம். பிஞ்சு கூட வந்துராம முத்துனத மட்டும் எடுக்கணும். அந்தச் சோலி தெரிஞ்ச கையி இது. அதப் போயி பொகையாக்கி வச்சிருக்கீக."

அவளிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அப்ப மறுக்கா வந்து ஒழுங்கா எடுங்க."

அடுத்த வாரம் அவர்களோடு ஜீப்பில் போனேன். ஷட்டரை வேகமாக்கினால் மர நிழலில் வெளிச்சம் போதவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் முகமெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளிகள். நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் தன்பாட்டுக்குக் கூடையை நிரப்பினாள். மதியத்துக்குள் ஒரு படம் தேறியது. கறை படிந்த நகங்கள். கட்டைவிரல் ஒரு காயைத் தள்ள, சுண்டுவிரல் பக்கத்துப் பிஞ்சை ஒதுக்கிப் பிடித்திருந்தது. அந்தச் சுண்டுவிரலை நான் கவனிக்கவே இல்லை. கேமராத் திரையில் அவள்தான் தொட்டுக் காட்டினாள்.

அருவிக்குப் பொருந்திய ஷட்டர் எண் அவள் கைக்குப் பொருந்தவில்லை. எந்த எண் என்பதை முடிவு செய்யும் முன், எதிரே இருப்பவருக்கு எது முக்கியம் என்று நான் கேட்டதே இல்லை என்பதுதான் உறுத்தியது.

"பழைய படம், இந்தப் படம், ரெண்டுல எத வீட்டுல மாட்டுவீக?" என்று கேட்டேன்.

"மூஞ்சி அதுலதாண்ணே நல்லாருக்கு. கை இதுல. ரெண்டையுமே பிரேம் போட்டுக் குடுங்க."