வீட்டுக்கு ஒரு பை

எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கு வரும் குப்பை ட்ராக்டருக்கு ஒரு சட்டம் இருந்தது: வீட்டுக்கு ஒரு பைதான். எதிர்வீட்டு மாடியில் புருஷனும் பெண்சாதியும் மட்டும். அவர்களுக்கு இரண்டு ஏசி, ஒரு கார், ஒரு பை. எங்கள் வீட்டில் பதினொரு பேர், ஒரு அடுப்பு, ஒரு ஃபிரிட்ஜ், அதே ஒரு பை. எனக்கு மூத்தவளான, கலியாணம் முடித்த ராத்தா, மச்சானோடும் கைக்குழந்தையோடும் எங்களோடுதான் இருந்தாள். கரையோரத்தில் இருந்த சாச்சியின் வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போன பிறகு, அவரும் மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். உம்மாவின் தங்கைதான் அவர். ஆனாலும் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை குசினியிலேயே நிற்பார்.

பையில் அடங்காதது வாசலில் கிடந்து நாறும். எதிர்வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒழுங்கையை நாறடிப்பது எங்கள் வீடுதான் என்பார். அவர் பையில் பாதி, மிச்சச் சோறும் கடைப் பார்சல் பெட்டியும். அது மணக்குமாக்கும்.

ஒரு காலை எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாவது பையை இழுத்துப்போய் ட்ராக்டருக்கு முன்னால் வைத்து, பக்கத்தில் நானும் குந்திக்கொண்டேன்.

“எழும்பு புள்ள, நேரம் போகுது,” என்றார் ட்ரைவர்.

“ஏலா. ரெண்டு பேர்ர ஊட்டுக்கும் ஒரு பேக், பதினொரு பேர்ர ஊட்டுக்கும் ஒரு பேக்கா? ஆளுக்கு எவ்வளவெண்டு பாருங்க, ஆர்ர குப்ப கூடவெண்டு தெரியும்.”

ஒழுங்கையே வேடிக்கை பார்த்தது. ட்ரைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலுக்கு வந்த உம்மாவிடம், “மூணு அடுப்பெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க ராத்தா. மூணு ஊடெண்டு மூணு பேக் ஏத்துறன்,” என்றார்.

வென்றுவிட்டேன் என்று எழும்பினேன். உம்மாவுக்குப் பின்னால் சாச்சி விளக்குமாறோடு நின்றிருந்தார்.

“ஒரு அடுப்புத்தான் தம்பி. ஒரு ஊடுதான்,” என்றார் உம்மா. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு சின்னப் பொய், அதைச் சொன்னால் என்ன? பின்வளவில் தென்னைக்குக் கீழே உம்மா குழி வெட்டி மீன்கழிவைப் புதைக்கச் சொன்னார், முணுமுணுத்தபடியே வெட்டினேன். இன்றைக்கும் சொல்வேன், நான் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தச் சட்டம்தான் கோணல்.

ஆட்கள் கூடியதிலிருந்து எங்கள் வீட்டில் பகல் சோறு, எல்லோருக்கும் பொதுவான பெரிய சஹன் தட்டில்தான். அன்றைக்கும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். சாச்சி குசினியிலிருந்து வந்து, யாரும் கூப்பிடாமலே, உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சஹனில் கை வைத்தார். அவருக்கு அன்றைக்கு நல்ல பசி என்றுதான் நான் நினைத்தேன்.