அரைப்பேர் தெரியாத புரோகிராம்

புதிதாக புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் வயதைக் கேட்டுப் பதில் சொல்லும் புரோகிராமில்தான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். பதினெட்டு ஆகிவிட்டதா, ஓட்டுப் போடலாம். ஆகவில்லையா, போட முடியாது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் எழுதிய முதல் புரோகிராமால் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு மலையிறங்கியது.

1. ஆமா, இல்ல

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். தேயிலை விலை அடியோடு விழுந்த சமயம். ஏலத்துக்குப் போன மூட்டைகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் ஆபீஸுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதைத் துடைத்துப் பூ வைக்காத குறைதான். சனிக்கிழமை தோறும் குன்னூர் பஜாருக்குப் போய், ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். சொல்லிக் கொடுத்த பையன் முதல் வகுப்பிலேயே சொன்னான்: "மேடம், கம்ப்யூட்டருக்கு ரெண்டே பதில்தானுங்க தெரியும். ஆமா, இல்ல. நடுவால ஒண்ணும் கெடையாது."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆபீஸில் நாள் முழுக்க நடுவாலான பதில்களோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் கெட்ட சேதியைத் தன் வாயால் சொல்லப் பயப்படுவார்.

"டெம்பரரி ஆளுங்கள்ல, ஆறு மாசத்துல நூறு பேர் போடாதவங்களை நிறுத்தச் சொல்லிட்டாங்கம்மா. என் கையால ஒருத்தர் பேரை அடிக்க மனசு வரலை. உங்க மெஷின்லயே போட்டு லிஸ்ட் எடுத்துக் குடுத்துடுங்க."

எஸ்டேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று பெயர். நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தால் முழுப்பேர். பாதியில் போனால் அரைப்பேர். வேலையில் பேர் இருக்கிறவரைக்கும்தான் லைனில், அதாவது எஸ்டேட் குடியிருப்பில், வீடு. பேர் போனால் வீடும் போகும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதவில்லை. ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். ஆளின் பெயரைக் கேட்கும். பிறகு ஒவ்வொரு நாளுக்கும் P-யா A-வா என்று கேட்கும். P என்றால் ஒரு பேர் கூட்டும், இல்லையென்றால் விட்டுவிடும். கடைசியில் நூறு இருந்தால் 'தொடரலாம்', இல்லையென்றால் 'நிறுத்தம்'. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. மெஷின் சொல்லுது

லிஸ்டில் ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் செல்லம்மாக்கா. சிலோனிலிருந்து சின்ன வயதில் திரும்பி வந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியில் படுத்த படுக்கையாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

லிஸ்ட் ஒட்டிய காலையில் நேராக என் மேசைக்கு வந்தார்.

"கிளார்க்கம்மா, எம்பேரு எப்படிம்மா நின்னுச்சி? நான் பெரட்டுக்கு வராத நாளு கொறைச்சலுதானே."

காலையில் ஆள் கூடும் இடத்துக்கு சிலோன்காரர்கள் பெரட்டு என்பார்கள், லைன் வீட்டுக்கு லயம் என்பார்கள்.

நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். "எழுபத்தொண்ணுதானுங்க்கா காட்டுது. நான் என்னங்க பண்ணட்டும், மெஷின் சொல்லுது."

"மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்ட லயத்துக்குப் போயிருவேன். அதுக்கு அரைப்பேரு போடுவாங்க. அரைப்பேரும் பேருதானேம்மா. செக்ரோலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்."

செக்ரோல் என்பது ஆள் வருகையைக் குறிக்கும் புத்தகம். எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் மேனேஜர் லிஸ்டில் ஸ்டாம்ப் வைக்கக் காத்திருந்தார். புத்தகத்திலிருந்து நானே பார்த்து அடித்ததுதானே, அதில் என்ன தப்பு வரப்போகிறது என்று எரிச்சலும் வந்தது.

"எல்லாம் பாத்துத்தானுங்க போட்டது" என்றேன்.

அவர் போய்விட்டார். இரண்டு வாரத்தில் வீட்டுக்காரரை ஒரு வேனில் படுக்க வைத்துக்கொண்டு திருப்பூரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார்கள்.

3. அ

அவர்கள் போய் ஒரு மாதம் கழித்து, பெர்மனன்ட் ஆட்களுக்கும் அதே புரோகிராமை ஓட்டினேன். ஒரு பெண்ணுக்கு அந்த மாதம் முழுக்க சைபர் என்று வந்தது. கைக்குழந்தைக்காரி. தினமும் ஆபீஸ் வழியாகத்தான் வேலைக்குப் போவாள், நானே பார்த்திருக்கிறேன். அப்போதுதான் செக்ரோலை எடுத்தேன்.

முழுப்பேருக்கு மேஸ்திரி P போட்டிருந்தார். வராத நாளுக்குக் கோடு. அந்தப் பெண் குழந்தைக்காக மத்தியானமே போய்விடுவதால் அவள் வரிசை முழுக்க 'அ' என்று இருந்தது. அரைப்பேருக்கு 'அ'. காலங்காலமாக அப்படித்தான் எழுதுவார்கள். கையால் கூட்டும்போது இரண்டு அ-வை ஒரு பேராகச் சேர்த்தவளும் நான்தான். கீபோர்டில் உட்கார்ந்ததும் என் கண் அ-வைப் பார்த்திருக்கிறது, விரல் A-வைத் தட்டியிருக்கிறது. நான் எழுதிய புரோகிராமில் A என்றால் ஆப்சென்ட்.

செல்லம்மாக்கா வரிசையை விரல் வைத்து எண்ணினேன். முழுப்பேர் எழுபத்தொன்று. அ மட்டும் அறுபத்திரண்டு. அதில் பாதி முப்பத்தொன்று. ஆகமொத்தம் நூற்றிரண்டு. மறுபடி எண்ணினேன்.

ஏழில் நாலு பேரை இப்படித்தான் நிறுத்தியிருந்தேன். நோயாளி வீட்டில் இருப்பவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள் என்று பார்த்துப் பார்த்து எடுத்த மாதிரி இருந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "லெட்டர் அடிங்கம்மா. திட்டு நான் வாங்கிக்கறேன்" என்றார்.

மூன்று பேர் பக்கத்து லைன்களில்தான் ஒண்டியிருந்தார்கள், அன்றைக்கே வந்துவிட்டார்கள். செல்லம்மாக்காவின் லெட்டரைத் தபாலில் போட மனசு கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

4. திருப்பூரில்

தம்பி வீட்டில் இடமில்லாமல் பின்பக்கம் தகரம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வெயிலில் அது கொதித்தது. செல்லம்மாக்கா பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் படுத்திருக்கும் கட்டிலைத் தேடினேன். இல்லை.

"வந்து மூணாவது வாரம் போயிட்டாரும்மா" என்றார். "குளுருல கெடந்த ஒடம்பு."

லெட்டரைக் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமலே, "மெஷினு தப்பாப் போட்டுருச்சாம்மா?" என்று கேட்டார்.

"மெஷின் இல்லீங்க்கா. நாந்தான் தப்பாப் போட்டேன். உங்க அரைப்பேரை நான் கணக்குலயே எடுக்கலீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மடியிலிருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"பரவாயில்லம்மா. இனிமே முழுப்பேரே போடலாம். மத்தியானம் ஓடியார வேலை இல்லையே."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர்தான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

புரோகிராமைத் திருத்த ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. இரண்டு நிமிஷ வேலை. புரோகிராமில் இஃப், அதாவது 'இப்படி இருந்தால்' என்று எழுதும்போது யாரை மனதில் வைத்து எழுதுகிறோம் என்று நமக்குத் தெரியும். எல்ஸ், அதாவது 'இல்லையென்றால்' என்று எழுதும்போது தெரியாது. மிச்சம் இருக்கிற எல்லோரையும் அதில் தள்ளிவிட்டுக் கை கழுவி விடுகிறோம். அதற்குள் யார் யார் விழுவார்கள் என்று, எழுதுவதற்கு முன்னால் நாலு பேரிடம் கேளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆன விலை உங்களுக்கு ஆக வேண்டாம்.

செல்லம்மாக்கா திரும்பி வந்து மூன்று வருஷம் வேலை பார்த்தார். மழையோ பனியோ, ஒரு நாள்கூட அரைப்பேர் இல்லை. மாதக் கடைசியில் அவர் வரிசைக்கு P, P என்று தட்டிக்கொண்டே போவேன்.