தோற்ற மறுநாளும் படலை தட்டியவர்

எங்கள் அக்காவின் ஓராண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, வணக்கம். அக்காவைப் பற்றி எழுதும்படி சகோதரங்கள் என்னிடம் விட்டார்கள். நான்கு பேரில் கடைசிப் பிள்ளையான எனக்கு அவர் அக்கா மட்டுமல்லர், தாயும் அவரே.

அக்கா பிறந்தது காங்கேசன்துறையில். அப்பா அங்கே சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போர் எங்களை அங்கிருந்து கிளப்பியபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தோம். வந்த சில மாதங்களில் அப்பா மாரடைப்பால் காலமானார். அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. அக்கா படிப்பை நிறுத்திக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் மூவரையும் படிப்பித்து, கலியாணம் கட்டிவைத்தார். தமக்கென்று ஒரு கலியாணத்தை அவர் யோசிக்கவேயில்லை.

சங்கக்கடை முகாமையாளராக ஓய்வுபெற்ற பின் அவர் பிரதேச சபைத் தேர்தலில் நின்றார். ஒரு சுயேச்சைக் குழு பெண் வேட்பாளர் தேடி வந்தது. "பட்டியலிலை பேருக்கு நிண்டால் காணும் அக்கா" என்று அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சுட்டது. "பேருக்கு நிக்க நான் என்ன விளம்பரப் பலகையோ? நிண்டால் வட்டாரத்திலை நேரை நிப்பன்" என்றார். நின்றார்.

வீடு வீடாகப் போனோம். எல்லாரும் சிரித்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள், "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்றார்கள். இத்தனை வருடம் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்த கைக்கு வாக்கு விழாமல் போகாது என்று நாங்கள் நம்பினோம். விழவில்லை. வென்றவர் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பிரதான வீதியில் பெரிய மதில் கட்டிய வளவுக்காரர். அக்கா எண்ணிக்கையிலேயே அகப்படவில்லை. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். "எங்கையக்கா?" என்றேன். "வாக்குக் கேட்கப் போன வீடுகளுக்கு நன்றி சொல்ல வேண்டாமோ?" என்றார். சிலர் கண்டதும் கதவை மெல்லச் சாத்தினார்கள். எங்கள் குறுந்தெருவான ஒழுங்கையின் மூலை வீட்டு மாமி மட்டும் படலையைத் திறந்து நேரே சொன்னார்.

"பிள்ளை, ஒளிப்பானேன், நான் உமக்குப் போடேல்லை."

"ஏன் மாமி?"

"நீர் வந்து உம்மைப் பற்றித்தான் கதைச்சனீர். மாரிக்கு முழங்கால் மட்டும் வெள்ளம் நிக்கிற முத்தம் இது. அதை ஒருக்காக் கேட்டனீரோ?"

அக்கா அந்த முற்றத்திலேயே கதிரை கேட்டு உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுவிட்டு வந்தார். அன்றிலிருந்து அவர் பேச்சுக் குறைந்தது, கேள்வி கூடியது. பதவி இல்லாமலே சபைக்கு நடந்து, அடைபட்டுக் கிடந்த வாய்க்கால்களைத் துப்புரவாக்குவித்தார். சபை வாசலில் இருந்த காவலாளியே அவரை "மெம்பர்" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

அடுத்த தேர்தலிலும் எதிரே நின்றவர் அதே வாத்தியார்தான். அவருடைய ஆட்கள், "இடம்பெயர்ந்து வந்தவவுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்று பேசித் திரிந்தார்கள். பதிலுக்கு வாத்தியார் குடும்பத்துக் கதை ஒன்றை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அக்கா என்னை முறைத்தார். "தேர்தல் முடிஞ்சாப் பிறகும் அவரும் நானும் ஒரே றோட்டாலைதான் போகவேணும். வாயை மூடு."

அயல் வீட்டு முற்றத்துக் கூட்டத்தில் அந்தப் பேச்சை அவரே எடுத்தார். "ஓம், நான் வந்தவதான். இங்கை வந்த அண்டைக்கு எங்களுக்குச் சோறு தந்தது இந்த ஒழுங்கை. இந்த ஒழுங்கைக்கு வேலை செய்ய விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்." யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர் எழும்பி, "உவ எங்கடை பிள்ளை. விடுங்கோ" என்றார். அந்த முறை அக்கா வென்றார்.

வென்றால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்தது எங்கள் அறியாமை. மூலை வீட்டு வெள்ளத்துக்கு வாய்க்கால் கேட்டு அவர் கொண்டுபோன முதல் தீர்மானம் சபையில் தோற்றது. மற்ற உறுப்பினர்களிடம் முன்கூட்டியே கதைக்காமல் கொண்டுபோனது தமது பிழை என்று வீட்டுக்கு வந்து சொன்னார். பிறகு கட்சி பாராமல் ஒவ்வொருவரையும் கூட்டிவந்து அந்த முற்றத்தைக் காட்டினார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் வெள்ளம் வடிந்தோட வேறு வழியில்லை, வாய்க்கால் வாத்தியாருடைய வளவு ஓரத்தால்தான் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு சாண் எல்லைக்கே வழக்குப் போடுவார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"என்னைத் தோக்கடிச்சும் போட்டு, காணியும் கேக்கிறியளோ?" என்றார் வாத்தியார்.

"ஓம் அண்ணை. உங்களை விட்டால் வேறை ஆரிட்டைக் கேக்கிறது?"

அவர் சத்தமாகச் சிரித்து, உள்ளே திரும்பித் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். மழைக்கு முன்னரே மதிலை உள்ளே தள்ளிக் கட்டினார். அந்த மாரியில் மாமியின் முற்றத்தில் வெள்ளம் நிற்கவில்லை.

நோய் வந்த பிறகும் அக்கா கூட்டங்களைத் தவறவிடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் வருத்தம் கதைக்க விடாமல், அவரவர் வீதி விளக்கைப் பற்றியே விசாரித்தார். வேதனையைக் காட்டாமல், முகம் மலர்ந்தபடியே போனார்.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இரவு பகல் துணையிருந்த அயலவர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து ஓடிவந்த உறவுகளுக்கும், இறுதிக் கிரியைகளில் சொந்தத் தமையனைப் போல முன்நின்ற வாத்தியார் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்கு வாக்களித்த எல்லாருக்கும் நன்றி. வாக்களிக்காமல், அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னவர்களுக்கு இன்னும் பெரிய நன்றி. எங்கள் அக்காவை மெம்பராக்கியவர்கள் நீங்கள்தான்.

அன்புத் தம்பி