முந்திப் போட்ட மொட்டை

காலைக் காப்பி ஆறுவதற்குள் செய்தி வந்துவிட்டது. போனில் நாகரத்தினத்தின் மகள். "அம்மா போயிட்டாங்க மாமா, தூக்கத்துலயே" என்றாள். போனை வைத்த பிறகு அந்தக் காப்பியைக் குடித்தேனா கொட்டினேனா என்று நினைவில்லை.

பொதட்டூர்பேட்டையிலும் ஆர்.கே.பேட்டையிலும் தறியும் சாயப்பட்டறையும் வைத்திருக்கும் நீங்கள் அவளைச் சாயத்தம்மா என்று அறிவீர்கள். அமெரிக்காவுக்குப் படிக்கப் போன உங்கள் பிள்ளைகள் மேடம் என்பார்கள். இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் "அவர்", "அம்மையார்" என்றே பேசினீர்கள். எனக்கு அது வாயில் வராது. அவள் என் தாய்மாமன் மகள், நான் அவளுக்குப் பாவா, தெலுங்கில் அத்தை மகன் முறை. முறைப்படி எனக்கு வரவேண்டியவள். எனக்கு ஆசையும் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு நினைவஞ்சலி எழுத எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம். மாமாவுக்குத் திருத்தணியில் மலையடிவாரத்தில் லுங்கிக் கடை. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த குடும்பம், யுத்தக் காலத்தில் நூல் கண்ட்ரோல் வந்து, நூல் கிடைக்காமல் தறி நின்றதும் இங்கே வந்துவிட்டது. நாகரத்தினம் பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் முடித்திருந்தாள். எங்கள் உறவில் பெண்கள் யாரும் அதுவரை காலேஜ் பக்கமே போனதில்லை. அங்கே ஒரு நூலகத்தில், அமெரிக்காவில் இருக்கும் பெண்கள் கல்லூரி ஒன்று வெளிநாட்டு மாணவிகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துப் பட்டம் படிக்க வைக்கிறது என்று படித்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு.

நான் அப்போது ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலையில் இருந்தேன். விண்ணப்பத்தை டைப் அடித்து அனுப்ப வேண்டும் என்று என்னிடம்தான் வந்தாள். அவள் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சும்மா அடித்திருக்கலாம். தங்கள் பொன்னான திருவடிகளில் பணிந்து வேண்டிக்கொள்கிறேன் என்கிற பாணியில் நாலு வரி நானாகவே சேர்த்தேன். அவள் காகிதத்தை மெஷினிலிருந்து உருவிப் படித்தாள்.

"இன்னா பாவா இது, கலெக்டருக்கு மனு போடற மாதிரி? உன் பூவையெல்லாம் எடுத்துடு. நான் சொல்றத மட்டும் அடி."

எதற்காக அமெரிக்காவில் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில் இன்னும் எனக்கு மனப்பாடம். "எங்க நைனா கடை லுங்கியில சிவப்பு மொத தண்ணியிலயே ஓடிப்போவுது. வாங்கினவங்க திட்டறாங்க. அது ஏன் ஓடுது, எப்படி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரிஞ்சாவணும். இங்க கேட்டா ஒருத்தருக்கும் தெரியலை." இதை அப்படியே எழுதினால் சிரிப்பார்களே என்றேன். "சிரிச்சிட்டுப் போவட்டும். பொய் இல்லையே" என்றாள். அப்படியே இங்கிலீஷில் அடித்து அனுப்பினோம்.

சித்திரை வெயிலில் பதில் வந்தது. தங்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதில் மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்கள். அவளும் படித்தாள், நானும் படித்தேன், சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. மாமா அப்போதே மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பெண்ணுக்கு அமெரிக்கா கிடைத்தால் குடும்பத்தோடு மொட்டை போட்டுக்கொள்வதாக அவருக்கு வேண்டுதல். அடுத்த கிருத்திகைக்கே சரவணப் பொய்கைக் கரையில் வரிசையாக உட்கார்ந்தோம். மாமா, மாமி, என் அம்மா, நாகரத்தினம், கூடவே நான். "மாப்பிள்ளை ஆகப் போறவன் மட்டும் கிராப்போட நின்னா நல்லாவா இருக்கும்?" என்று என் அம்மா என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். நாகரத்தினத்துக்கு இடுப்பைத் தொடும் பின்னல். அது விழுந்தபோது எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அவள் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டே, "இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கி வச்சிகினு இருக்கிற? முடி வளரும் பாவா" என்றாள்.

சந்தன வாசம் போவதற்குள் இரண்டாவது கடிதம் வந்தது. இடம் உறுதி. ஆனால் படிப்புச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டிருந்தார்கள். ஸ்காலர்ஷிப் தனி. அதற்குப் பட்டணத்தில் ஒரு குழு அவளை நேரில் பார்த்துப் பேசித் தீர்மானிக்கும். குழு அவளை வேண்டாம் என்றால் அந்த இடம் வேறொரு மாணவிக்குப் போகும். சீட் வேறு, ஸ்காலர்ஷிப் வேறு என்பது எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இந்தச் சுற்று வட்டாரத்தில் அமெரிக்கா போன ஆளும் கிடையாது.

வீடு இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மொட்டைத் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பக்கத்துக் கடைக்காரர், "சாமி கூலிய முந்தியே வாங்கிக்கினாரு, வேலையத்தான் இன்னும் செய்யலை" என்று சொல்லிச் சிரித்தார். மாமா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என் அம்மா மட்டும் கலங்கவில்லை. "போறது போவட்டும். தோள் வரைக்கும் முடி வளர்ந்ததும் தை மாசம் தாலிய கட்டிடலாம்" என்றாள்.

ஆக விஷயம் இப்படி நின்றது. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அவள் அமெரிக்காவுக்கு. கிடைக்காவிட்டால் எனக்கு. நான் எதற்கு வேண்டிக்கொண்டேன் என்று என் மனைவிகூடப் பின்னாளில் கேட்டிருக்கிறாள். ஸ்காலர்ஷிப் கிடைக்கத்தான் வேண்டிக்கொண்டேன். தோற்றுப்போய் என் வீட்டுக்கு வரும் நாகரத்தினத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம்.

மொட்டைத் தலையோடு போனால் என்ன நினைப்பார்களோ, தேதியைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதலாம் என்றார் மாமா. சவுரி வைத்துக்கொள் என்றாள் என் அம்மா. எதில் கட்டுவது என்று அவளே பிறகு விழித்தாள். நாகரத்தினம் இரண்டையும் கேட்கவில்லை. முக்காடுகூடப் போடாமல் ரயிலேறினாள். கூட மாமாவும் நானும், ஆக மூன்று மொட்டை. மாமா உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். திருவள்ளூரில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு அம்மாள் நாகரத்தினத்தின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அடக்க முடியாமல், "சின்ன வயசும்மா உனக்கு. புருஷன் எப்போ போனாரு?" என்று கண் கலங்கக் கேட்டாள்.

"எங்க போனாரு? இதோ பக்கத்துலயே உக்காந்துகினு வராரே" என்று என்னைக் காட்டினாள் நாகரத்தினம்.

அந்த அம்மாள் என் மொட்டையைப் பார்த்து, திருத்தணி வேண்டுதல் என்று புரிந்துகொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஆசீர்வாதம் செய்து, மடியிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். என் முதல் கல்யாண வாழ்க்கை திருவள்ளூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

குழு அவளைப் பார்த்த அறைக்குள் நடந்ததை அவள் திரும்பி வரும்போது ரயிலில் சொன்னாள். குழுவில் ஒரு வயதான அமெரிக்க அம்மையாரும் பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவரும் இருந்தார்களாம். அம்மையாரின் முதல் கேள்வியே, முடி கொட்டும்படி ஏதாவது கடுமையான காய்ச்சல் வந்ததா என்பதுதான்.

"காய்ச்சல் இல்லீங்க, நன்றின்னேன். சீட் குடுத்தீங்க, எல்லாமே கிடைச்சிட்டுதுன்னு வீடே மொட்டை போட்டுக்கிச்சு. இப்ப ஸ்காலர்ஷிப் வேறன்றீங்க. சாமிகிட்ட போயி முடியத் திருப்பிக் கேக்க முடியாது, அதான் உங்ககிட்ட கேக்க வந்தேன்னு சொன்னேன் பாவா. அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டுச் சிரிச்சாங்க."

பெரிய மனிதர் சிரிக்கவில்லையாம். வேண்டுதல், மொட்டை என்று இருக்கிற பெண் அங்கே போய் விஞ்ஞானம் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் நீங்கள் பலரும் அவள் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். "முடி சாமிக்கு, கேள்வி எனக்கு. ரெண்டும் ஒரே தலையிலதான் இருந்துச்சி, ஒரு நாளும் சண்டை போட்டுக்கலை." பிறகு அவர் ரசாயனத்தில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாராம். தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள்.

சொல்லி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரக்கோணம் தாண்டியபோது, "கிடைக்கலைன்னா இன்னா பண்றது பாவா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மடியில் மிச்சமிருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

கிடைத்தது. இந்த முறை மாமா யாரையும் நம்பவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் போனார், ஸ்டேஷன் மாஸ்டரிடம் போனார், ஒரு வக்கீல் வீட்டுக்கும் போனார். "சாப்பாடும் சேர்த்துத்தான்னு எழுதி இருக்குதுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஆமாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதற்கப்புறம்தான் அழுதார்.

அடுத்த வழக்கு அன்று மாலையே தொடங்கிவிட்டது. வேண்டுதல் ஏற்கெனவே தீர்ந்தது என்றார் மாமா. என் அம்மா ஒப்பவில்லை. "அது சீட்டுக்குப் போட்டது. அவங்களே சீட்டு வேற ஸ்காலர்ஷிப் வேறன்னு எழுதிட்டாங்க. அப்ப மொட்டையும் வேறதான்" என்றாள். அந்தக் கல்லூரியின் சட்டத்தை எங்கள் குடும்பத்தில் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். ஆனால் நாகரத்தினத்துக்கு அப்போதுதான் முடி ஓர் அங்குலம் முளைத்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோவும் எடுத்தாகிவிட்டது. அவள் பேரில் நான் போட்டுக்கொள்கிறேன் என்றேன். ஒருவருக்காக இன்னொருவர் முடி கொடுக்கிற வழக்கம் இங்கே உண்டு. என் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுக்கவில்லை. தை மாதத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவும் இல்லை.

பம்பாய் போய்க் கப்பலேற வேண்டும். புறப்பட வேண்டிய நாள் ஆடிக் கிருத்திகையில் வந்து விழுந்தது. விடியற்காலையில் பொய்கைக் கரையில் முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வண்டியிலிருந்து பூக்காவடிகளாக இறங்கிக்கொண்டிருந்தன. ஊரே உள்ளே வருகிறது, அவள் ஒருத்தி வெளியே போகிறாள். மலையிலிருந்து திரும்புகிற கூட்டமும் பிளாட்பாரத்தில் நிறைந்திருந்தது. எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டை. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பெட்டி வாசலில் நின்றுகொண்டு, "பாவா! பாவா!" என்று கத்தினாள்.

ஆந்திரப் பக்கத்துக் கூட்டம் வேறு. பிளாட்பாரத்தில் பாதி மொட்டைகள் திரும்பிப் பார்த்தன. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் என்னைக் கண்டுபிடித்தாள். வண்டி நகர்ந்தபோது குனிந்து, "எனக்காகக் காத்துகினு இருக்காதே பாவா" என்றாள். இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான் "ஆங்" என்றேன்.

காத்திருக்கவில்லை. அவள் படிப்பு முடிந்து, அங்கேயே மேற்படிப்பும் முடித்துத் திரும்பியபோது எனக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவளும் ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊர்ச் சிவப்பு ஓடாமல் நின்ற கதை உங்களுக்குத் தெரியும், அதை நான் சொல்ல வேண்டாம். பள்ளிப்பட்டிலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட வந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் அவள் சொன்னதும் தெரியும். "சீட் வேற, ஸ்காலர்ஷிப் வேற. ரெண்டாவது கடுதாசி வர்ற வரைக்கும் யாரும் தலையில கை வைக்கக் கூடாது." ஏன் தலை என்று கேட்ட பிள்ளைகளை என்னிடம் அனுப்பிவிடுவாள்.

காரியம் முடிந்த மறுநாள் பொய்கைக் கரைக்குப் போனேன். பாவா முறைக்காரனுக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது, நானாகத்தான் போனேன். முடி எடுப்பவர் என் வழுக்கையைப் பார்த்துத் தயங்கினார். பிறகு தண்ணீரைத் தொட்டுத் தடவி, கத்தியை ஒரு தரம் வைத்து எடுத்து, "ஆச்சுங்க ஐயா" என்றார். திரும்பி ஸ்டேஷன் ரோடு வழியாக வந்தேன். ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒரு பெண் "பாவா! பாவா!" என்று கூப்பிடும் குரல் கேட்டது. நாகரத்தினத்திடமிருந்து எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு சொல்தான். என்னை அப்படிக் கூப்பிட இனி ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், நான் திரும்பிப் பார்த்தேன்.