சென்னியம்மாள் அடித்த இரண்டு கோல்

என்னைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. போன மாதம் வர்ஷினி என்று ஒரு பெண் துடியலூரில் என் வீடு தேடி வந்தாள். பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறவள். அந்தக் காலத்தில் கோவையில் ஆடிய பெண்களின் பெயர் எங்குமே இல்லை, தேடிப் பிடித்து மைதானத்தில் பலகை வைக்கப் போகிறோம் என்றாள். கையில் 1981ஆம் வருடத்துச் செய்தித்தாளின் நகல். மாநிலப் பள்ளிப் போட்டி, இறுதி ஆட்டம், விமலாராணி இரண்டு கோல்.

"மேடம், இது நீங்கதானுங்களே?"

"ஆமா" என்றேன். அறுபத்தொரு வயதில், ஒரு ஞாயிறு தவறாமல் ஜெபம் சொல்கிற வாய் கூசாமல் சொன்னது.

அந்த இரண்டு கோலையும் அடித்தவள் சென்னியம்மாள். என் வயதுக்காரி, பக்கத்துத் தெரு. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தி மில்லுக்கு அனுப்பிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் எங்கள் பள்ளி மைதானத்துக்கு ஓடி வருவாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவாள். அவள் இடது காலுக்குப் பந்து போனால் எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க மாட்டாள், முகத்தைப் பொத்திக்கொள்வாள். அப்படி ஒரு அடி!

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்தது. என் அப்பா சர்ச் சபையில் மூப்பர். ஓய்வுநாளில் பந்தாடினால் வீட்டுக்குள் கால் வைக்காதே என்றுவிட்டார். எங்கள் அணியில் இருந்ததே பதினொரு பேர்தான். பி.டி. டீச்சர் ஞானாபரணம் யோசிக்கவே இல்லை. என் பனியனைச் சென்னியம்மாளுக்கு மாட்டி, என் பெயரிலேயே இறக்கிவிட்டார். நான் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் மைதானமே "விமலா, விமலா" என்று கத்தியதாம். வெளியே தெரிந்தால் கோப்பையைப் பிடுங்கிவிடுவார்கள், ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று டீச்சர் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். ஞாயிறு ஆடக்கூடாது என்ற அதே அப்பா, மறுநாள் பேப்பரில் வந்த செய்தியை வெட்டிப் பத்திரப்படுத்தினார். விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டுக்கு ஆகுமாம். என்ன பக்தியோ!

செவ்வாய்க்கிழமை சென்னியம்மாளின் அப்பா குமாரசாமி எங்கள் வாசலுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மகள் வீட்டில் இல்லை, கேட்டால் பந்தாடப் போனேன் என்கிறாள், பேப்பரிலோ அவள் பெயர் இல்லை. யாரோடு சுற்றினாளோ என்று மனிதர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

"ஏங்கண்ணு, எம்புள்ள அன்னிக்கு உங்க கூட ஆட வந்துச்சா? நெசத்தச் சொல்லு சாமி."

பின்னால் அப்பா நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால் கோப்பை போகும், சர்டிபிகேட் போகும்.

"வர்லீங்கய்யா. நான்தானுங்க ஆடுனேன்."

ஒரே மாதத்தில் அவளை உடுமலைப்பேட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அன்றோடு ஆட்டமும் போச்சு. கல்யாணத்துக்கு நான் போகவில்லை, போக எனக்கு முகமில்லை. அந்தச் சர்டிபிகேட்டில்தான் காலேஜ், அதை வைத்துத்தான் பி.டி. டீச்சர் வேலை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் "ஏமாத்தி ஆடாதீங்க" என்று விசிலடித்தேன். ரிட்டயர் ஆகும்வரை பயத்தில் வாயைத் திறக்கவில்லை, அதற்கப்புறம் வெட்கத்தில் திறக்கவில்லை. தூ!

வர்ஷினி போனபிறகு நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவங்க பேரையே போட்டுறலாமுங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தைரியத்தில் உடுமலைக்குப் பஸ் ஏறினேன்.

சென்னியம்மாள் களத்தில் காயப்போட்ட கொப்பரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, விமலாவா! வா புள்ள, நெழலுக்கு வா."

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். உங்கப்பாவிடம் நான் சொன்னது பொய், என்னை மன்னித்துவிடு, பலகையில் உன் பெயர்தான் வரப்போகிறது என்றேன். அவள் கொப்பரையைக் கூடையில் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பேரா? போடட்டும். நல்லதுதான்." கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "அப்பன் போன வருசந்தான் செத்தாரு. ஆஸ்பத்திரில கெடக்கறப்ப எங்கையப் புடிச்சுட்டு, 'அன்னிக்கு நெசமாலுமே எங்க கண்ணு போன? இப்பவாச்சும் சொல்லிரு, வையமாட்டேன்'னு கேட்டாரு. பந்தாடத்தானுங்கப்பான்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

அவள் மறுபடி குனிந்து கொப்பரையைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"போன வருசம் வந்திருக்கக் கூடாதா, விமலா?" என்றாள்.