எழுபத்திரண்டு பை சரக்கு

ஜூன் 1 – 60
ஜூன் 2, காலை – 85
ஜூன் 2, மாலை – 70
ஜூன் 5 – 110
ஜூன் 9 – 40 (மேசையில் சிந்திய 15 கணக்கில் சேரவில்லை)
ஜூலை 31 முடிய – 72 பை, 6,840 மி.லி.

ஒரு ஃப்ரீசர் கதவில் காந்த வில்லையின் கீழ் தொங்கிய தாளின் தலையும் வாலும் இவை. எழுதியவர் டேலியார். பூட்டும் கீலும் திருகாணியும் அடுக்கிய கிடங்கில் முப்பத்தொரு வருடம் இருப்புக் கணக்குப் பார்த்தவர். நாளுக்கு நூறு தடவை "டேலி ஆகுதா?" என்று கேட்டதால் கிடங்கில் வைத்த பெயர் அது. எதிரில் மரியாதைக்கும் முதுகுக்குப் பின்னால் சிரிப்புக்குமாக 'ஆர்' சேர்த்திருந்தார்கள். இரண்டுமே தனக்குப் பொருந்தும் என்பார் அவர்.

ஓய்வு பெற்றபின் எண்ண ஒன்றும் கிடைக்காமல் தவித்தார். மாடிப்படிகளை எண்ணிப் பார்த்தார். அவை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் மருமகள் தாய்ப்பாலை எடுத்துப் பைகளில் அடைத்து உறைய வைக்கத் தொடங்கினாள்.

மருமகள் ரயில் ஓட்டுபவள். நான்கு வருடமாக யார்டுக்குள் காலிப் பெட்டிகளை இழுத்துத் தள்ளும் எஞ்சின்தான். பயணிகள் ரயிலுக்குப் போக வேண்டுமானால் வெளியூரில் ஒன்பது நாள் பயிற்சி. ஆகஸ்ட் 12இல் தொடங்கும் அணியில் இடம் கிடைத்திருந்தது. அங்கே கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை. பவுடர் பால் ஒருமுறை கொடுத்ததில் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. ஆகவே குழந்தை குடித்தது போக மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தாள். நாளுக்கு 750 வீதம் ஒன்பது நாளுக்கு 6,750 வேண்டும். இருப்பில் 90 மி.லி. மிச்சமே இருந்தது.

யாரும் கேட்காமலே டேலியார் பொறுப்பேற்றார். பைகளைத் தட்டையாகப் படுக்கவைத்து உறையவிட்டார்; பிறகு புத்தகம் அடுக்குவதுபோல் நிமிர்த்தி, பழையதை முன்னால், புதியதைப் பின்னால் நிறுத்தினார். ஒவ்வொன்றிலும் தேதியும் அளவும் எழுதிய சீட்டு. தாய்ப்பால் என்ற சொல் மட்டும் அவருக்கு வரவில்லை. மருமகளிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. கிடங்குப் பழக்கத்தில் 'சரக்கு' என்று வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னைக்குச் சரக்கு எவ்வளவு?"

"எண்பது மில்லி, மாமா."

"நேத்து நூறு இருந்துச்சே?"

மகன் தலையில் அடித்துக்கொள்வான். "அப்பா, ஜன்னலைச் சாத்திட்டாவது கேளுங்க. எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, 'உங்க வீட்ல தினமும் உண்டா தம்பி'ங்கறார்."

"சரக்குன்னா சரக்குதானேடா. உன் புத்தி ஏன் அங்க போகுது?"

ஆகஸ்ட் 3 காலை இறுதிச் சரிபார்ப்பு. தாளில் எழுபத்திரண்டு, ஃப்ரீசரில் எழுபத்தொன்று. கிடங்கில் ஒன்று குறைந்தால் எல்லாவற்றையும் இறக்கிப் பார்ப்பார்கள். அவரும் இறக்கினார். ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் எண்ணிக்கை தவறும் என்று சாப்பாட்டு மேசையில் தனித்தனியாகப் பரப்பினார். இடம் போதாமல் கட்டிலிலும் பரப்பினார். சீட்டுகளில் பனி படிந்திருந்தது. எழுத்து கலையக் கூடாதே என்று மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டார். இரண்டு முறை எண்ணியும் எழுபத்தொன்றுதான். பிறகு டார்ச்சோடு ஃப்ரீசருக்குள் தலையை விட்டுத் தேடினார். பின்சுவர்ப் பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது எழுபத்திரண்டாவது. அதைக் கரண்டிக் காம்பால் மெல்ல நெம்பி எடுத்து, "டேலி!" என்று கத்தினார்.

திரும்பிப் பார்த்தால் அத்தனை பையும் தொளதொளவென்று கிடந்தன. கையில் இருந்த ஒன்றுதான் கல்லாக இருந்தது. முப்பத்தொரு வருடமும் அவர் எண்ணியது திருகாணி. திருகாணி உருகாது.

சத்தம் கேட்டு மருமகள் குழந்தையோடு வந்தாள்.

"எவ்வளவு நேரமா வெளிய இருக்கு, மாமா?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"முழுசா உருகினதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. ஒரு நாளைக்குள்ள குடிச்சுத் தீர்க்கணும்."

"எண்ணிக்கை சரியா இருக்கும்மா" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாள். "ஜூலை பதினாலு. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றாள்.

கல்லாக இருந்த 90 மி.லி. பை மட்டும் ஃப்ரீசருக்குத் திரும்பியது. ஒரு நாளில் குழந்தை குடித்தது 750. மீதி 6,000 பாத்திரம் கழுவும் தொட்டியில் போயிற்று. பை பையாக வெட்டி ஊற்றியவர் டேலியார்தான்.

பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். எழுத்தில் காரணம் கொடுத்தால் அடுத்த அணியில் சேர்ப்பதைப் பற்றி யோசிப்பார்களாம்.

"தப்பு என்னுது. கடிதம் நான் எழுதறேன். ஆபீஸ் கடிதத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவள் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

கடிதம் இது: "இரண்டு மாதமாக நான் வீட்டில் சேமித்துவந்த சரக்கு முழுதும் எதிர்பாராமல் வீணாகிவிட்டது. எங்கள் இல்லத்தில் நாளொன்றுக்கு 750 மி.லி. செலவாகும். இருப்பு மீண்டும் திரளும் வரை பயிற்சிக்கு வர இயலாத நிலையில் உள்ளேன்."

பதில் ஆகஸ்ட் 9இல் வந்தது. மகன் உரக்கப் படித்தான். ரயில் ஓட்டும் பணியில் இருப்பவர் வீட்டில் சரக்கு சேமித்தது குறித்து ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ரத்தப் பரிசோதனை அறிக்கை வேண்டும். அதுவரை பயிற்சிப் பட்டியலில் பெயர் நிறுத்திவைக்கப்படுகிறது.

"தினம் ஒரு ஃபுல்லு!" மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவங்க பயப்படாம என்னப்பா செய்வாங்க?"

மருமகள் சிரிக்கவில்லை. "குழந்தைன்னு ஒரு இடத்துலகூட எழுதலையா, மாமா?"

"விஷயத்துக்கு வெளிய எதையும் சேர்க்கக் கூடாதுன்னு..."

"குழந்தைதானே மாமா விஷயமே! நாலு வருஷம் காத்திருந்தேன். இனி யார்டு எஞ்சினுக்குக்கூட என்னை விடுவாங்களா தெரியல."

டேலியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "முட்டாள்னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு என் நெத்தியில குத்தும்மா. மறக்காம தேதியும் போடு."

"அதை அப்புறம் குத்தறேன். இப்ப பேனாவை எடுங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும். முதல் வார்த்தை, தாய்ப்பால்."

"'குழந்தையின் உணவு'ன்னு போட்டா கொஞ்சம் நாகரிகமா..."

"தாய்ப்பால், மாமா."

எழுதினார். தாள் தீப்பிடிக்கவில்லை; கூரையும் இடிந்து விழவில்லை. ஐந்து பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்து, அதைக் குடித்தே வளர்ந்த மனிதர், அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அந்தச் சொல்லை எழுதினார். 'ப்'புக்குப் புள்ளி வைக்க மறந்து, திரும்பப் போய் வைத்தார்.

மொத்தம் மூன்று வரி: "தாய்ப்பாலைத்தான் என் மாமனார் சரக்கு என்று எழுதிவிட்டார். அதைக் குடிப்பது என் ஐந்து மாதக் குழந்தை. ரத்தப் பரிசோதனை அறிக்கை இத்துடன் உள்ளது." கீழே மருமகள் கையெழுத்திட்டாள். அதற்கும் கீழே அவர், "மேற்கண்ட தவறு என்னுடையது" என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார்.

ஆகஸ்ட் 12 வந்து போயிற்று. அந்த அணி அவள் இல்லாமலே தொடங்கியது. அவள் மறுபடி நாளுக்கு ஒன்றிரண்டு பை எடுத்து வைத்தாள். அவர் கதவைத் திறக்காமல் தாளைப் பார்த்தே எண்ணப் பழகினார். கை துறுதுறுத்தபோது மாடிப்படி ஏறி இறங்கினார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தார்கள்.

நிறுத்திவைப்பை ரத்துசெய்து, அக்டோபர் 6இல் தொடங்கும் அணியில் அவளுக்கு இடத்தை உறுதிசெய்த கடைசிக் கடிதம் வந்தது ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை.