நாலாவது ஆள்

சந்திரவல்லி போடியை விட்டுக் கிளம்பியது தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதே நேரத்தில் கல்யாண மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா நடந்துகொண்டிருந்தது. மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்கள். பாராட்டப்பட வேண்டியவள் வரவேயில்லை என்பது அவர்களுக்கு உறைக்க வெகுநேரம் ஆயிற்று. அவள் பேருந்து நிலையத்தில், கழற்றிச் சாக்கில் கட்டிய சைக்கிளைத் தேனி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"விழாவுக்குப் போகலையாடி?" என்றேன், வழியனுப்பப் போன நான்.

"அது அவுக சோலி. எனக்கு நாளைக்குக் காலையில கேம்ப்பு."

சந்திரவல்லிக்கு இருபத்திரண்டு வயது. ஊர், போடிக்குப் பக்கத்து மலையடியில் குரங்கணி. அப்பா பேச்சிமுத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவள் அன்புச்செல்வனின் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். விருந்தாளிகள் வாடகைக்கு எடுத்துச் சேறும் சகதியுமாகப் போட்டுவிட்டுப் போகும் மலைச் சைக்கிள்களைக் கழுவி, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பது வேலை. சமதளத்தில் பிரேக்கைச் சோதிக்க முடியாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை அப்பாவின் ஜீப்பில் போட்டு மேலே கொண்டுபோவாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே கல்லும் வேருமாகச் சரியும் ஒற்றையடிப் பாதையில் ஓட்டிக்கொண்டு இறங்குவாள். மூன்று வருடம் இப்படி ஓடியது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருமுறை விழுந்து தோள்பட்டை இறங்கியபோதுதான் ஊர் வாயைத் திறந்தது: இனி இவளை எவன் கட்டுவான்?

விடுதியில் கூட்டம் குறைந்ததும் அன்புச்செல்வனுக்கு விளையாட்டின் மேல் பாசம் வந்தது. மலையிறக்கச் சைக்கிள் பந்தயம் அறிவித்தார். போஸ்டரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளோடு பறந்தாள். பெண்கள் பிரிவில் முதலில் வருபவருக்கு மாநிலப் பயிற்சி முகாமில் இடம் உண்டு. அங்கே தேறினால் தேசியப் போட்டி. சந்திரவல்லி கேட்டது அந்த ஒரு இடத்தைத்தான். ஆனால் நான்கு பெண்களாவது சைக்கிளோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் பிரிவு செல்லும் என்பது விதி. வந்தவர்கள் மூன்று பேர்: இவளும், பெங்களூரிலிருந்து இருவரும்.

நான் அவள் தோழி; நான்கு வருடம் வெளிநாடுகளில் சுற்றிவிட்டு வந்தவள், இந்தியும் பேசுவேன் என்பதால் அறிவிப்பு மைக் என் கையில் இருந்தது. அன்புச்செல்வன் பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"மூணு பேருக்கு என்னம்மா போட்டி? சும்மா ஒரு ரவுண்டு போய்க் கைய ஆட்டுங்க. போட்டோ நல்லா விழும்." பிறகு சந்திரவல்லியிடம்: "நீ நம்ம ஸ்டாப்பு தானே. பசங்களுக்குத் தண்ணி பாட்டிலக் கொண்டா."

நான் போன நாடுகளிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அங்கே கொஞ்சம் நல்ல சட்டை போட்டிருப்பார்கள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த கருத்தம்மா எழுந்தாள். பேச்சிமுத்துவின் அக்கா, ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

"நாலாவது ஆளு நான்."

"உனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா ஆத்தா?"

"உருட்டத் தெரியும். பொம்பளைப் போட்டிக்குப் பொம்பளை வேணும்னீக. நான் என்ன ஆம்பளையா?"

கூட்டம் சிரித்தது. நடுவர் வித்யா சிரிக்கவில்லை. செயின் அறுந்தால் ஆண்களே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி முடிப்பதுண்டு, அதற்குத் தடையில்லை என்றார். வேறொருவர் கை பட்டால் மட்டும் செல்லாது.

ஒவ்வொருவராக விட்டார்கள். முதல் வளைவில் பிரேக்கைத் தொடாத ஒரே ஆள் சந்திரவல்லி. பின்பக்கம் சாய்ந்து, வேர்ப்படிகளில் சைக்கிளைத் தன் போக்கில் குதிக்க விட்டு, காப்பிக்குள் மறைந்தாள். பெங்களூர்ப் பெண்கள் அவள் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் அவள் சிரிக்காமல் கீழே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருத்தம்மா தலைத்துண்டின் மேல் கவசத்தை மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் போட்ட ஆம்பளைச் சட்டையோடு, சைக்கிளை முரட்டு மாடு மாதிரி பிடித்து இறக்கினாள். ஆண்கள் பந்தயம் அவளுக்காகக் காத்துக் கிடந்தது. விலையுயர்ந்த கண்ணாடி போட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பாதி வழியில் முன்சக்கரம் வேருக்கிடையில் மாட்டியது. விடுதி ஆள் ஒருவன் தூக்கிவிட ஓடினான்.

"தொடாதடா. நீ தொட்டா எம்மருமக போட்டி போச்சு. தள்ளிப் போ."

தனியாகவே பிடுங்கினாள். கோட்டைத் தாண்டியதும் சைக்கிளை அப்படியே கீழே போட்டாள். சந்திரவல்லி அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அன்று மாலையே பிளக்ஸ் வந்துவிட்டது. 'எங்கள் விடுதி தந்த வீராங்கனை.' அன்புச்செல்வன் முகம் கதவளவு, அவள் முகம் தபால்தலையளவு. இவளை எவன் கட்டுவான் என்று கேட்டவர்கள் எல்லாம் விழாக் கமிட்டியில் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை விழா, சனிக்கிழமை கோவையில் முகாம் என்று அவள் சொன்னபோது, "கேம்ப்பு எங்கம்மா ஓடிப்போகுது? ஒருநா லேட்டாப் போ" என்றார்கள். ஒருநாள் தாமதித்தால் இடம் போய்விடும் என்பதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதனால்தான் அந்த பஸ்.

அதன் பிறகு அவளிடமிருந்து தகவலே இல்லை. ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், இமாசலத்திலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பின்னால் காற்று இரைந்தது.

"நேசனல் முடிஞ்சிருச்சுடி. பதினோரு பொம்பளைக. நான் ஒம்பதாவது. எனக்கு முன்னால எட்டுப் பேரு இருக்காளுக, என்னா வெரசாப் போறாளுக தெரியுமா. நான் இங்கனயே ஒரு சைக்கிள் கடையில வேலைக்குச் சேந்துட்டேன். இப்பத்திக்கு வரலைன்னு அப்பாகிட்டச் சொல்லிரு."